கார் ஒருவர் பெயரில், ஓட்டுவது இன்னொருவர்: இன்சூரன்ஸ் கேள்வி பதில்

மோட்டார் கிளெய்ம் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். கணவர், மனைவி, கூட்டாளி என்று வேறொருவர் பெயரில் ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) இருக்கும் கார்களைப் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். பதில்கள் எல்லாம் இந்தியச் சட்டப்படி, சொந்த உபயோகக் கார்களுக்கு.

கேள்வி: கார் என் மனைவி பெயரில் இருக்கிறது. பணம் போட்டது நான், தினமும் ஓட்டுவதும் நான். பாலிசியை என் பெயரில் எடுத்தால் என்ன, மேடம்?

வேண்டாம். ஆர்.சி.யில் யார் பெயரோ, அவர் பெயரில்தான் பாலிசி இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் பிரிவு 2(30)படி, வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். பணம் யார் போட்டது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. கார் கைமாறிப் போயிருந்தாலும், ஆர்.சி.யில் பெயர் மாறாத வரை பழைய உரிமையாளர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

பிரீமியத்தை உங்கள் கணக்கிலிருந்து தாராளமாகக் கட்டலாம், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் பெயரில்தான். ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது நீங்கள் தட்டும் பெயரை அந்த நேரத்தில் யாரும் ஆர்.சி.யோடு ஒப்பிடாமல் போகலாம். விபத்து நடந்து கிளெய்ம் படிவம் வரும்போது முதலில் கேட்பதே ஆர்.சி.யைத்தான். அங்கே ஒரு பெயர், பாலிசியில் ஒரு பெயர் என்றால், "இந்தக் காரில் பாலிசிதாரருக்கு என்ன உரிமை?" என்ற கேள்வி எழும். ஏற்கெனவே உங்கள் பெயரில் எடுத்துவிட்டீர்களா? விபத்து எதுவும் நடக்கும் முன்பே ஆர்.சி. நகலோடு கம்பெனிக்கு எழுதி, எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் திருத்தம்) போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் சில வருடம் பிரிட்டனில் இருந்தேன். அங்கே மனைவி காரை ஓட்ட என் பெயரையும் பாலிசியில் சேர்க்க வேண்டியிருந்தது. இங்கேயும் அப்படித்தானா?

இல்லை. அங்கே பாலிசி பெரும்பாலும் ஓட்டுபவரைப் பார்த்து எழுதப்படுகிறது, இங்கே வண்டியைப் பார்த்து. நம் பாலிசியில் டிரைவர் குறித்த வாசகத்தைப் படித்துப் பாருங்கள். உரிமையாளரின் சம்மதத்தோடு, அந்த வகை வண்டிக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கும் யார் ஓட்டினாலும் காருக்கு ஆகும் சேதத்துக்கும், விபத்தில் பாதிக்கப்படும் வெளியாருக்கான மூன்றாம் நபர் நஷ்டஈட்டுக்கும் பாலிசி உண்டு.

இதில் ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். கிளெய்ம் படிவத்தில் "விபத்தின்போது ஓட்டியவர்" என்ற கட்டத்தில் உண்மையை எழுதுங்கள். கார் மனைவி பெயரில் இருக்கிறதே என்று பயந்து, ஓட்டியதும் மனைவிதான் என்று எழுதிவிடுகிறார்கள். எஃப்.ஐ.ஆரில் கணவர் பெயர் இருக்கும். சாதாரணமாகக் கிடைத்திருக்க வேண்டிய பணம், ஒரு பொய்யால் நின்றுபோகும். கணவர் ஓட்டினார் என்று எழுதியிருந்தாலே போதும்.

கேள்வி: எங்கள் பாலிசியில் "ஓனர் டிரைவர் பி.ஏ. 15 லட்சம்" என்று ஒரு வரி இருக்கிறது. கார் மனைவி பெயரில். ஓட்டும் எனக்கும் அது பொருந்தும்தானே?

பொருந்தாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படியுங்கள்.

பி.ஏ. என்ற அந்தக் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கு (பர்சனல் ஆக்சிடென்ட்) மூன்று நிபந்தனைகள் உண்டு. காரின் பதிவு உரிமையாளராக இருக்க வேண்டும், பாலிசியில் காப்பீடு பெற்றவராக அவர் பெயரே இருக்க வேண்டும், விபத்தின்போது அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். மூன்றும் ஒரே ஆளிடம் சேர வேண்டும். உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது, மற்ற இரண்டும் இல்லை.

ஒரு பெண் கையில் மடித்த பாலிசியோடு என் மேசைக்கு வந்தார். கணவர் ஓட்டிப் போன கார் முன்னால் நின்ற லாரியில் மோதி, அவர் அங்கேயே இறந்துவிட்டார். கார் இவர் பெயரில். பி.ஏ. வரியில் விரலை வைத்து, "15 லட்சம்னு போட்டிருக்கே மேடம்" என்றார். அந்த விரலுக்குக் கீழேயே நாமினி என்ற இடத்தில் கணவரின் பெயர் இருந்தது. அதாவது அந்தப் பணம் அவர் இறந்தால் கணவருக்குப் போக எழுதப்பட்டது, கணவர் இறந்தால் அவருக்கு வர அல்ல. அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு அவருக்கு அதை விளக்கிச் சொன்னேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, மூன்றாம் நபர் என்ற வகையில் கேட்க முடியாதா? உரிமையாளரிடம் வண்டியை வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், ஆகவே அவர் மூன்றாம் நபர் அல்ல என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020இல் இரவல் பைக் ஓட்டி இறந்த ஒருவரின் குடும்பத்துக்கும் அதே பதில்தான். ஆனால் உரிமையாளர் இடத்தில் நிற்பவர் என்பதாலேயே, பாலிசியில் எழுதியிருந்த பி.ஏ. தொகையை மட்டும் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். அன்றைய பாலிசிப்படி அது 1 லட்ச ரூபாய். அதை வாங்க அந்தக் குடும்பம் டெல்லி வரை போக வேண்டியிருந்தது. அதை நம்பி நீங்கள் கார் ஓட்டக்கூடாது. எதிரே வந்த வண்டியின் மீது தவறு இருந்தால் அந்த வண்டியின் பாலிசியில் கேட்கலாம், அது வேறு விஷயம். நின்ற லாரியில் போய் மோதினால் அந்த வழி ரொம்பக் குறுகலாகிவிடும்.

அப்புறம் என்ன செய்வது? கார் பாலிசியிலேயே பெயர் குறிப்பிட்டு ஒருவருக்குப் பி.ஏ. சேர்க்க முடியும். ஆனால் அதில் கிடைக்கும் தொகை சிறியது. நான் சொல்வது, உங்கள் பெயரில் தனியாக ஒரு பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி எடுங்கள் என்பதுதான். எந்தக் காரில் போனாலும், பஸ்ஸில் போனாலும், ரோட்டில் நடந்தாலும் அது கூடவே வரும். இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டுகிறீர்கள் என்றால் இரண்டு பேருக்கும் எடுங்கள்.

கேள்வி: என் பெயரில் கார், ஆனால் எனக்கு லைசென்ஸ் கிடையாது. கணவர்தான் ஓட்டுவார். அந்தப் பி.ஏ.வுக்கு நான் பணம் கட்ட வேண்டுமா, அக்கா?

லைசென்ஸ் இல்லாத உரிமையாளருக்கு அந்தக் காப்பீட்டைக் கொடுக்கவே கூடாது என்பது விதி. லைசென்ஸ் இல்லை என்று சொல்லி பாலிசியிலிருந்து அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள் அம்மா. மிச்சமாகும் பணத்தைக் கணவரின் தனிப் பாலிசியில் போடுங்கள்.

லைசென்ஸ் உள்ள உரிமையாளர்களுக்கும் ஒரு விஷயம். இந்தத் தொகை காருக்கு 2 லட்சமாக இருந்தது, 2018இல்தான் 15 லட்சம் ஆனது. உங்களிடம் 15 லட்சத்துக்குக் குறையாத வேறு விபத்துப் பாலிசி இருந்தாலோ, இன்னொரு வண்டியில் ஏற்கெனவே இந்தக் காப்பீடு இருந்தாலோ, மறுபடி வாங்கத் தேவையில்லை.

கேள்வி: காரை என் பெயரிலிருந்து மனைவி பெயருக்கு மாற்றப்போகிறேன். ஐந்து வருடமாகக் கிளெய்ம் எதுவும் இல்லை, 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் இருக்கிறது. அது அவளுக்கு வருமா?

வராது. கிளெய்ம் இல்லாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் இந்தத் தள்ளுபடி உங்களுடையது, காருடையது அல்ல. வீட்டுக்குள்ளேயே மாற்றினாலும் மாற்றம் மாற்றம்தான். மனைவி பூஜ்யத்திலிருந்து தொடங்கி, முதல் கிளெய்ம் இல்லாத வருடத்துக்கு 20, பிறகு 25, 35, 45, 50 என்று ஏற வேண்டும். இப்போது ஓடும் பாலிசியை அவர் பெயருக்கு மாற்றினால், மீதமுள்ள காலத்துக்குப் போனஸ் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். நீங்கள் கம்பெனியிடம் ஒரு நோ கிளெய்ம் போனஸ் (என்.சி.பி.) கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால், மூன்று வருடத்துக்குள் உங்கள் பெயரில் வாங்கும் வேறு காருக்கு அந்த 50 சதவீதம் கிடைக்கும்.

நாள் கணக்கை மறந்துவிடாதீர்கள். ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 கொடுத்ததோடு வேலை முடியவில்லை. பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மனைவி விண்ணப்பிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 157படி மூன்றாம் நபர் காப்பீடு தானாக அவருக்குப் போய்விடும். காரின் சொந்த சேதத்துக்கான காப்பீடு தானாகப் போகாது. பழைய பெயரிலேயே பாலிசியை விட்டுவிட்டு கார் அப்பளமாக நொறுங்கினால், யாருக்கும் பணம் இல்லாமல் போகும். வெறும் வரி யோசனைக்காகவோ, ராசி என்றோ மாற்ற நினைத்தால், அந்த 50 சதவீதம் எவ்வளவு என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: போன மாதம் என் கணவர் தவறிவிட்டார். கார், பாலிசி இரண்டும் அவர் பெயரில். மகன் ஓட்டுகிறான். ஓட்டலாமா?

உங்கள் இழப்புக்கு என் ஆறுதல், அம்மா. பதற்றப்பட வேண்டாம், பாலிசி உடனே செத்துப்போகாது. இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை, அல்லது பாலிசி முடியும் நாள் வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அது தாண்டியிருந்தால் நாளைக்கே போய்விடுங்கள். மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பம், ஃபார்ம் 31இல். இன்சூரன்ஸுக்கு இறப்புச் சான்றிதழும் அசல் பாலிசியும் வாரிசு ஆவணமும் வேண்டும்.

முந்தின கேள்விக்குச் சொன்ன போனஸ் விதி இங்கே தளர்கிறது. இறந்தவரின் கார் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரில் ஒருவர் கைக்கு வந்தால், அவருடைய நோ கிளெய்ம் போனஸும் கூடவே வரும். ஏஜென்ட் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்கிறோம். கார் அவர் பெயரில், பாதிப் பணம் என்னுடையது. இன்சூரன்ஸில் என் பெயரைச் சேர்க்க வழி உண்டா?

பாலிசிதாரராக முடியாது. ஓட்ட முடியும், அவர் சம்மதம் போதும். ஆனால் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கார் அவருடைய சட்டப்படியான வாரிசுகளுக்குப் போகும். மேலே சொன்ன போனஸ் சலுகையும் உங்களுக்கு வராது. 2021 முதல் ஆர்.சி.யிலேயே நாமினி பெயர் சேர்க்க வழி வந்திருக்கிறது, அதைச் செய்துவையுங்கள். பாதிப் பணம் கொடுத்ததற்கு எழுத்தில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். கார் முழு நஷ்டமானால் காசோலை அவர் பெயரில்தான் வரும், கடன் பாக்கி இருந்தால் முதலில் வங்கிக்கு.

கேள்வி: என் பார்ட்னர் என்றால் தொழில் பார்ட்னர். கார் எங்கள் ஃபர்ம் பெயரில். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

பாலிசி ஃபர்ம் பெயரில். ஓனர் டிரைவர் பி.ஏ. உங்களுக்குக் கிடையாது, ஏனென்றால் ஃபர்மோ கம்பெனியோ கார் ஓட்டாது. ஓட்டும் ஒவ்வொரு பார்ட்னரும் தனி விபத்துப் பாலிசி எடுக்க வேண்டும்.

கேள்வி: கணவரும் நானும் பிரிந்துவிட்டோம். கார் அவர் பெயரில், பயன்படுத்துவது நான். பாலிசியை நானே புதுப்பித்து வருகிறேன். போதுமா?

போதாது. அவர் சம்மதம் இல்லை என்று ஒரு கடிதம் எழுதிவிட்டால் நீங்கள் ஓட்டுவதே கேள்விக்குள்ளாகும். சமரசப் பேச்சில் நகை, பாத்திரம் எல்லாம் எழுதுவார்கள், ஆர்.சி. மாற்றத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். ஃபார்ம் 29, 30இல் அவர் கையெழுத்தை அன்றைக்கே வாங்குங்கள்.

கேள்வி: ஆர்.சி.யில் மனைவி பெயர், பாலிசியில் என் பெயர். கிளெய்மை மறுத்துவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னது செல்லாது. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரியான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான தகராறுகளைப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில்.

புகாரோடு எதை வைக்கிறீர்கள் என்பது முக்கியம். பாலிசி எடுத்தபோது ஆர்.சி. நகலை அனுப்பிய மின்னஞ்சல், முன்மொழிவுப் படிவம், முந்தைய வருடங்களின் பாலிசிகள், காரின் சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை எல்லாவற்றையும் தேடி எடுங்கள். மனைவி பெயரில் ஆர்.சி. இருப்பது தெரிந்தே கம்பெனி பிரீமியம் வாங்கியது என்று காட்ட முடிந்தால் உங்கள் பக்கம் வலுவாகும். தேடி எடுத்த பிறகு தேதிவாரியாக அடுக்கி, ஒரு பக்கத்தில் நடந்ததை எழுதி மேலே வையுங்கள். எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள் தம்பி, ஒருமுறை படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.