போர்க்கால ராணுவக் கார்ட்டூன்: காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் சிப்பாய்களின் பயிற்சிக்காக எடுத்த 'பிரைவேட் ஸ்னாஃபு' கார்ட்டூன்கள் பென் டிரைவில் 1,800 ரூபாய் என்று ஆன்லைனில் விளம்பரம் வருகிறது. "வேறெங்கும் கிடைக்காது, உரிமை எங்களிடம்தான்" என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அமெரிக்க மத்திய அரசின் படைப்புகளுக்கு அந்நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. இவை ராணுவம் காசு கொடுத்து எடுக்கவைத்த படங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பலவற்றை இலவசமாகவே பார்க்கலாம். ஆனால், அதே காலத்தில் தியேட்டருக்காக ஸ்டூடியோக்கள் எடுத்த போர்க் கார்ட்டூன்களுக்கு இது பொருந்தாது. விற்பவர்கள் இரண்டையும் கலந்துதான் விற்கிறார்கள்.

படங்கள் என்னவோ அருமைதான். 1943 முதல் 1945 வரை வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்காரர்கள் செய்தவை. சக் ஜோன்ஸ் போன்றவர்கள் இயக்கினார்கள். டாக்டர் சூஸ் என்ற பெயரில் குழந்தைகள் புத்தகங்கள் எழுதிப் பெயர்பெற்ற தியோடர் கைசல் பலவற்றை எழுதினார். குரல், பக்ஸ் பன்னிக்குப் பேசிய அதே மெல் பிளாங்க். ஸ்னாஃபு எதைச் செய்யக் கூடாதோ அதையே செய்கிற மக்குச் சிப்பாய். 'ஸ்பைஸ்' படத்தில் கப்பல் கிளம்பும் ரகசியத்தைப் போகிற இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உளறிவிட்டு, கடைசியில் நரகத்தில் போய் விழுகிறான். கார்ட்டூன்தானே என்று பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். அரைகுறை ஆடைப் பெண்களும், ஜப்பானியரை இழிவாகக் காட்டும் சித்திரங்களும் உண்டு.

காசு கொடுப்பதென்றால், நல்ல பிரின்ட்டைத் தேடி ஸ்கேன் செய்து, கீறல் நீக்கி வெளியிட்ட டிஸ்க்குக்குக் கொடுங்கள். அது உழைப்புக்கான விலை. டிஸ்னியின் பயிற்சிப் படங்கள் வேண்டுமானால், 2004-இல் தகர டப்பாவில் வந்த 'ஆன் தி ஃப்ரன்ட் லைன்ஸ்' என்ற இரட்டை டிவிடி இருக்கிறது. டிவிடி எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதைக் குறிக்கும் எண்தான் ரீஜன். அமெரிக்கப் பதிப்பு ரீஜன் 1, நம் ஊர் பிளேயர் ரீஜன் 5. பிளேயர் ஏற்குமா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

கேள்வி: "1944 ஒரிஜினல், 16 எம்எம், 400 அடி, ஒரே ஒரு ஸ்னாஃபு படம்" என்று ஒருவர் ரீல் விற்கிறார். எதைச் சரிபார்ப்பது?

பதில்: முதலில் அந்தக் கணக்கே இடிக்கிறது. 16 எம்எம் பேசும்பட ரீல் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். 400 அடி என்றால் 11 நிமிடம். ஸ்னாஃபு படங்களோ பெரும்பாலும் நான்கைந்து நிமிடம்தான். மிச்சம் என்ன என்று கேளுங்கள். சிப்பாய்களுக்குக் காட்டிய 'ஆர்மி-நேவி ஸ்கிரீன் மேகஸின்' என்ற படத்தொகுப்பில்தான் ஸ்னாஃபுவும் வந்தது; அதன் துண்டாக இருந்தால் நல்லதே.

அப்புறம், ஃபிலிமின் ஓரத்தைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கோடாக் ஃபிலிம் என்றால் அங்கே வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னக் குறிகள் இருக்கும். ஃபிலிம் தயாரான ஆண்டு அதில் தெரியும். 20 ஆண்டுக்கொரு முறை அதே குறிகள் திரும்பி வரும் என்பதால், 1944 என்று சொல்வது 1964 ஆகவும் இருக்கலாம்.

நேரில் பார்க்க முடிந்தால் டப்பாவைத் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் நெடி அடித்தால், ஃபிலிமின் அடிப்பொருளான அசிடேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது. சுருங்கிய ஃபிலிம் புரொஜெக்டரில் ஏறாது. உங்களிடம் உள்ள மற்ற ரீல்களோடு அதைச் சேர்த்து வைத்தால் அவையும் கெடும். அப்படிப்பட்ட ரீலை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.