மகள் சீன மொழி படிக்கலாமா? ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா,

எல்லையில் மறுபடி பிரச்சினை வந்தால் சீன மொழி படித்த பெண்ணுக்கு வேலை எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். 2020இல் கல்வான் மோதலுக்குப் பின் சீனர்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வீசாட் உட்பட 59 சீனச் செயலிகளை நம் அரசு தடை செய்தது. ஆனால் சரக்கு வருவது நிற்கவில்லை. 2024-25இல் சீனாவிலிருந்து நாம் இறக்குமதி செய்தது சுமார் 11,300 கோடி டாலர். அத்தனையையும் யாரோ ஒருவர் பேரம் பேசித்தானே வாங்கியிருக்கிறார்?

அவள் சீனாவுக்குப் போயே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கானும் செய்யாறு சிப்காட்டின் காலணி ஆலையும் தைவான்காரர்களுடையவை. அங்கும் தைவான் மேலாளர்களின் மொழி மாண்டரின், அதாவது நாம் சொல்லும் சீன மொழிதான்.

ஆனால் மொழி மட்டும் போதாது. பேரத்தில் எதிரே இருப்பவர் எதற்கு மதிப்புக் கொடுக்கிறார் என்று தெரிய வேண்டும். நம் பிள்ளைகள் முதல் சந்திப்பிலேயே "கடைசி விலை என்ன?" என்று கேட்டுவிடுகிறார்கள். எதிரே இருப்பவர் முதலில் ஆளை எடைபோடுகிறார்: யார் அறிமுகப்படுத்தியது, எத்தனை வருடம் கூட வருவார்கள், வாக்கு மாறுவார்களா என்று. இந்த உறவு வலையைத்தான் அவர்கள் குவான்ஷி என்கிறார்கள்.

முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்வது அபூர்வம். "ஆராய்ந்து பார்க்கிறோம்", "கொஞ்சம் சிரமம்" என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பொருள். மாப்பிள்ளை வீட்டார் "கலந்து பேசிச் சொல்கிறோம்" என்று எழுந்து போனால் நமக்குப் புரியாதா? சரக்கில் குறை இருந்தால் அதை அவருடைய ஊழியர்கள் முன்னால் போட்டு உடைக்கக் கூடாது. நாலு பேர் முன் தலைகுனிய நேர்ந்தால், தப்பு தன் பக்கம் என்று தெரிந்தும் மறுப்பார். தனியே, முடிந்தால் இருவருக்கும் பொதுவான ஒருவர் மூலம் சொன்னால் மாற்றுச் சரக்கு வர வாய்ப்புண்டு. இன்னொன்று: ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவர்தான் முடிவெடுப்பவர் என்று நம்பிவிடக் கூடாது. ஓரமாக உட்கார்ந்து தேநீர் குடிப்பவராகவும் இருக்கலாம். திரும்பும் விமானத்தின் தேதியையும் சொல்லாமல் இருப்பது நல்லது. சொன்னால் கடைசி நாள் வரை இழுத்து, அவசரத்தில் சம்மதிக்க வைப்பார்கள்.

ஒப்பந்தக் காகிதத்தை மட்டும் நம்பியவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு டனோன் கதை உண்டு. பிரெஞ்சு நிறுவனமான டனோன் 1996இல் சீனாவின் ஹாங்சோ நகரத்துப் பான நிறுவனமான வஹாஹாவோடு கூட்டு சேர்ந்தது. பின்னாளில் 51 சதவீதப் பங்கு டனோன் கையில் இருந்தது. வஹாஹா தரப்பு கூட்டுக்கு வெளியே வேறு கம்பெனிகள் வழியாக அதே பெயரில் பானம் விற்கிறது என்று 2007இல் சண்டை வெடித்து, பல நாட்டு நீதிமன்றங்களுக்குப் போனது. ஊழியர்களும் விநியோகஸ்தர்களும் வஹாஹாவின் நிறுவனர் சோங் சிங்ஹோ பக்கமே நின்றார்கள். 2009இல் டனோன் தன் பங்கை வஹாஹாவுக்கே விற்றுவிட்டு வெளியேறியது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். 51 சதவீதம் வைத்திருந்தும் அங்கே மனிதர்களைச் சேர்த்து வைக்கவில்லை என்பதுதான் நான் பார்ப்பது.

இதையெல்லாம் மனப்பாடச் சூத்திரமாக ஆக்கிவிடவும் கூடாது. தென் சீனத் தொழில் நகரமான ஷென்ஜெனில் முப்பது வயதுத் தொழிற்சாலை உரிமையாளர் பத்து நிமிடத்தில் விலைப்பட்டியல் அனுப்பிவிடுவார். அரசு நிறுவனமென்றால் மாதக்கணக்கில் இழுக்கும்.

விருந்தில் குடிக்கச் சொல்வார்களே என்பது உங்கள் இன்னொரு கவலை. கட்டாயம் இல்லை. முதல் கோப்பையிலிருந்தே தேநீரை உயர்த்தினால் போதும். பாதியில் நிறுத்தினால்தான் மனத்தாங்கல்.

பி.காம். படிக்கிறாள் என்றீர்கள். அதை விட்டுவிட வேண்டாம். கூடவே எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் திறன் தேர்வில் நான்காம் நிலை வரை போகட்டும். அதற்குக் கீழே உள்ள சான்றிதழை வைத்துப் பேர மேசையில் உட்கார முடியாது. எல்.சி. (வங்கி தரும் பணப் பொறுப்புக் கடிதம்), எஃப்.ஓ.பி. (சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரை விற்பவர் பொறுப்பு என்ற விலை முறை), சரக்குப் பரிசோதனை ஆகியவற்றை ஓர் இறக்குமதி அலுவலகத்தில் சம்பளம் குறைவானாலும் ஆறு மாதம் இருந்து கற்கட்டும். மேற்படிப்பு என்றால் டெல்லி ஜே.என்.யூ. பல்கலைக்கழகமும், 1937 முதல் சீன பவனம் என்ற சீன மொழித் துறை இயங்கும் சாந்திநிகேதன் விஸ்வபாரதியும் இருக்கின்றன. தைவானில் மாண்டரின் படிக்க அந்நாட்டு அரசு தரும் ஹுவாயு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அங்கே பழைய எழுத்துமுறை, சீனாவில் எளிமையாக்கியது. எந்தப் பக்க வேலை என்று தீர்மானித்துவிட்டு வகுப்புக்குப் பணம் கட்டுங்கள்.