ஜப்தி நோட்டீஸ் ஒட்டிய வீட்டை வாங்கலாமா?

கேள்வி: திருச்சியில் அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். எங்கள் தெருவில் அரிசி மண்டி நடத்தி நொடித்துப்போன ஒருவர் தம் வீட்டை 60 லட்ச ரூபாய்க்கு எங்களுக்குத் தருவதாகச் சொல்கிறார். வீடு வங்கி அடமானத்தில் இருக்கிறது. தவணை கட்டாததால் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதன் படத்தை இணைத்துள்ளேன். பாக்கி 71 லட்சத்துக்கு மேல் என்றாலும், 56 லட்சம் கட்டினால் கணக்கை முடித்துக்கொள்வதாக வங்கி மேலாளர் வாய்மொழியாகச் சொல்லியிருப்பதாகக் கூறுகிறார். முன்பணமாகப் பத்து லட்சம் ரொக்கமாகக் கேட்கிறார். 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, 2 லட்சத்தை அவர் கணக்குக்கு அனுப்பிவிட்டோம். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, “இங்கே இதற்கு ஷார்ட் சேல் என்று பெயர், தைரியமாக வாங்கு அக்கா” என்கிறான். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், சகோதரி. ஆனால் அந்தப் பத்து லட்சத்தைக் கொடுக்காதீர்கள். ரொக்கமாகவும் வேண்டாம், காசோலையாகவும் வேண்டாம். இனி உங்கள் பணத்தில் ஒரு ரூபாய் நகர்ந்தாலும் அது வங்கியின் கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் பார்த்த பிறகு, வங்கியின் பெயருக்கே நகர வேண்டும்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பசை காய்ந்து ஓரம் சுருண்ட இரண்டு தாள்கள். மேலே “உடைமை அறிவிப்பு”, அதன் கீழே “பிரிவு 13(4), விதி 8(1)”. தொகை 71,40,000 ரூபாய், “அதற்கு மேற்படும் வட்டி, செலவுகள்” என்ற சொற்களோடு. கையெழுத்திட்டிருப்பவர் கிளை மேலாளர் அல்ல, “அதிகாரம் பெற்ற அலுவலர்”. இந்தக் கடைசி வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேலாளர் வாயால் என்ன சொல்லியிருந்தாலும், இந்த வீட்டைப் பொறுத்தவரை வங்கியின் கை அந்த அலுவலருடைய கைதான்.

நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை விற்றுக் கடனை மீட்க வங்கிக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, வங்கி முதலில் 13(2) பிரிவின் கீழ் 60 நாள் அவகாசம் தந்து ஒரு நோட்டீஸ் அனுப்புகிறது. அது தீர்ந்தும் பணம் வராவிட்டால்தான், வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் இந்த உடைமை அறிவிப்பு. அப்படியென்றால் உங்கள் தெருக்காரருக்கு முதல் நோட்டீஸ் வந்து குறைந்தது இரண்டு மாதங்கள் ஆகிவிட்டன. அந்த முதல் நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்தே, வங்கியின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி இல்லாமல் அவர் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று 13(13) பிரிவு தடுக்கிறது. மீறுவதும் மீற உடந்தையாக இருப்பதும் 29-ஆம் பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். அவர் உங்களை ஏமாற்ற நினைக்கிறார் என்று நான் சொல்லவில்லை. கடன் நெருக்கும்போது மனிதர்கள் இருக்கிற ஒரே கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அவர் கையில் விற்பதற்கு உரிய முழு உரிமை இப்போது இல்லை.

உங்கள் தம்பி சொன்னதில் பாதி சரி. அமெரிக்காவில் ஷார்ட் சேல் என்பது, கடன் பாக்கியைவிடக் குறைவான விலைக்கு வீடு விற்கப்படுவதும், அதைக் கடன் கொடுத்தவர் ஏற்று அடமானத்தை விடுவிப்பதும்தான். ஆனால் அங்கே கடன் கொடுத்தவரின் ஒப்புதல் கடிதம் வந்த பிறகே விற்பனை முடியும். பணமும் எஸ்க்ரோ நிறுவனம் போன்ற ஒரு நடுவர் வழியாகவே போகும், விற்பவர் கையில் விழாது. விற்பவருக்கு ஏதாவது கிடைப்பதானால் அதுவும் கடன் கொடுத்தவருக்குத் தெரிந்தே கிடைக்க வேண்டும். நம் ஊரில் அந்தப் பெயரில் தனி முறை கிடையாது. அதற்கு மிக நெருங்கி நிற்பது ஓ.டி.எஸ். எனப்படும் ஒரே தவணைத் தீர்வு. இங்கே நடுவர் இல்லாததால், அவர் செய்யும் வேலையை நீங்களும் உங்கள் வழக்கறிஞரும் செய்ய வேண்டியிருக்கிறது.

ஓ.டி.எஸ். கடனாளியின் உரிமை அல்ல. 2021 டிசம்பரில், பிஜ்னோர் நகரக் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் வணிக முடிவு. ஆகவே “மேலாளர் சொல்லிவிட்டார்” என்ற சொல்லுக்கு எடை ஒன்றுமில்லை. கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தில் நான் முதலில் தேடுவது தொகையை அல்ல, கெடுவை. பெரும்பாலான ஓ.டி.எஸ். கடிதங்களில், குறித்த நாளுக்குள் முழுப் பணமும் வராவிட்டால் தள்ளுபடி ரத்து, அதுவரை கட்டியது பழைய பாக்கியில் வரவு என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் 30 லட்சம் கட்டிய பிறகு உங்கள் வீட்டுக்கடன் பத்து நாள் தாமதமானால், அந்த 30 லட்சம் அவர் கடனைக் குறைத்திருக்கும். உங்களுக்கு ஒரு செங்கல்லும் வந்திருக்காது.

அடுத்து நான் தேடுவது, எந்தெந்தக் கணக்குகளுக்கு அந்தத் தீர்வு என்பதை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். வீட்டுக்காரரின் கடனை முழுக்கக் கட்டி, கிரையமும் முடித்துவிட்டிருந்தார்கள். ஆனால் தாய்ப்பத்திரத்தை வங்கி தரவில்லை. விசாரித்தால், விற்றவர் தம் மைத்துனரின் லாரிக் கடனுக்கு அதே வங்கியில் ஜாமீன் நின்றிருக்கிறார். அதே பத்திரம் அதற்கும் ஈடு. அந்தப் பெண்மணி பத்திரப் பையை மடியில் வைத்துக்கொண்டு, நான் பேசப் பேச அதன் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பத்திரம் கைக்கு வர இரண்டு ஆண்டுகள் ஆயின. ஆகவே கடிதத்தில் கடன் கணக்கு எண்கள் எல்லாம் இருக்க வேண்டும். “இந்தச் சொத்தின் மீது வங்கிக்கு வேறு எந்தக் கடனுக்காகவும், ஜாமீனுக்காகவும் உரிமை இல்லை” என்ற வரியும் இருக்க வேண்டும். வங்கி அந்த வரியை எழுதத் தயங்கினால், தயங்கக் காரணம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். விலை 60, வங்கிக்கு 56. மீதி 4 லட்சம் அவருக்கு. இதை வங்கி அறியுமா? 71 லட்சத்தில் 15 லட்சத்துக்கு மேல் விட்டுக்கொடுக்கும் வங்கி, விற்பவர் கையில் 4 லட்சம் மிஞ்சுவதை இலேசில் ஏற்காது. அதற்காகப் பத்திரத்தில் 56 என்று எழுதி, 4 லட்சத்தைத் தனியாகக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். உண்மையை மறைத்துப் பெற்ற தீர்வை ரத்து செய்ய வங்கி உரிமை வைத்திருக்கும், நீங்களும் அந்த மறைப்பில் பங்காளி ஆவீர்கள். வீட்டை இழந்து குடும்பத்தோடு வெளியேறுகிறவருக்கு வாடகை முன்பணத்துக்காவது கையில் ஏதாவது வேண்டும்தான், அதை நான் மறுக்கவில்லை. அதை வெளிப்படையாகவே வங்கியிடம் கேளுங்கள். விலை 60 என்று எழுதிக் கொடுத்து, அதில் இவ்வளவு விற்பவரின் இடமாற்றச் செலவுக்கு என்று அனுமதி வாங்க முடியும். வங்கி 58 கேட்டு 2 விடலாம். எதுவானாலும் கடிதத்தில் இருக்கட்டும்.

ரொக்கம் பற்றி இன்னொன்று. அசையாச் சொத்துக்கு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. ரொக்கத்தைப் பெற்றுக்கொண்ட விற்பவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரலாம். ஏற்கெனவே மூழ்கியிருப்பவரின் தலையில் அதையும் ஏற்றாதீர்கள்.

நீங்கள் எழுதிய 20 ரூபாய் ஒப்பந்தம் வலுவற்றது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் அதை ஓடிப்போய்ப் பதிவு செய்யவும் சொல்ல மாட்டேன். வங்கியின் அனுமதிக்கு முன்னால் பதிவு செய்தாலும், வங்கியின் அடமானம் உங்கள் ஒப்பந்தத்துக்கு முந்தியது. அனுமதிக் கடிதம் வந்ததும் நீங்கள், வீட்டுக்காரர், வங்கி மூவரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தமாகப் புதிதாக எழுதுங்கள். கொடுத்த 2 லட்சம் 60-இல் ஒரு பகுதி என்று அதில் சேர்த்துவிடுங்கள். தீர்வுக் கடிதம் வருவதற்கு முன்பே வங்கி ஒரு பகுதியைக் கட்டச் சொன்னால், தீர்வு நிறைவேறாவிட்டால் திருப்பித் தருவதாக வங்கி எழுதிக் கையெழுத்திட்டுத் தந்த பிறகு, கடனுக்கு வரவு வைக்காமல் தனியே வைத்திருக்கும் நோ-லியன் கணக்கில் மட்டும் போடுங்கள்.

காலம் உங்கள் பக்கம் இல்லை. சர்ஃபேசி சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் நாள் வரைதான் கடனைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை கடனாளிக்கு உண்டு. அறிவிப்பு வெளியானால் அந்த உரிமை முடிந்தது என்று 2023 செப்டம்பரில் செலிர் – பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. எனவே தினமும் தமிழ், ஆங்கில நாளிதழ்களின் அறிவிப்புப் பக்கத்தைப் பாருங்கள். அரசு வங்கியானால் பேங்க்நெட் ஏலத் தளத்திலும் தேடுங்கள். ஏல அறிவிப்பு வந்துவிட்டால் இந்த வழியை விட்டுவிட்டு, வேண்டுமென்றால் ஏலத்தில் கேளுங்கள். ஆனால் அங்கே விலையில் 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும், மீதியைப் பெரும்பாலும் 15 நாளில். வீட்டுக்கடனை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது கடினம்.

வில்லங்கச் சான்றை 30 ஆண்டுகளுக்குப் போடுங்கள். அடமானங்களைப் பதிவு செய்யும் மத்தியப் பதிவேடான செர்சாயில் வேறு நிதி நிறுவனத்தின் அடமானம் இருக்கிறதா என்று தேடுங்கள். திருச்சி வழக்குகள் மதுரையிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்கே இவர் வங்கியை எதிர்த்து மனு போட்டிருக்கிறாரா என்று உங்கள் வழக்கறிஞர் பார்க்கட்டும். போட்டிருந்தால் அது திரும்பப் பெறப்பட வேண்டும். வரி, குடிநீர், மின்கட்டணப் பாக்கிகள் சின்ன விஷயம், ரசீது கேட்டால் போதும்.

பதிவு நாளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், பலர் இடறுவது அங்கேதான். “பணத்தைக் கட்டுங்கள், தடையின்மைச் சான்றும் ரசீது ஆவணமும் பதினைந்து நாளில் தருகிறோம்” என்று வங்கி சொல்லும். அந்தப் பதினைந்து நாள் இடைவெளியில் உங்கள் பணம் அங்கே, வீடு இன்னும் அவர் பெயரில். அவர் மனம் மாறலாம், உடல்நிலை மாறலாம், வேறு கடன்காரர் நீதிமன்றத்தில் ஜப்தி ஆணை வாங்கலாம். எனவே எல்லாம் ஒரே நாளில், சார்பதிவாளர் அலுவலகத்திலேயே நடக்கட்டும். உங்கள் வங்கி எடுத்த டிராஃப்ட் கடன் கணக்கு எண்ணோடு அந்த வங்கியின் பெயரில் இருக்கட்டும். அலுவலர் அதைப் பெற்றுக்கொண்டு, அடமானத்தை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தில் முதலில் கையெழுத்திடட்டும். அடுத்த எண்ணாகக் கிரையப் பத்திரம் பதிவாகட்டும். அதில் வங்கியைச் சம்மதிக்கும் தரப்பாகச் சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது. அலுவலர் வர முடியாது என்றால் நாளை மாற்றுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்பதால் 1 சதவீதம், அதாவது 60,000 ரூபாய், நீங்கள் வரியாகப் பிடித்து, பிடித்த மாதம் முடிந்த 30 நாட்களுக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். முழு விலையும் வங்கிக்கே போகும் என்று முடிவானால் இந்த 60,000 வங்கிக் கணக்கில் குறையும். வங்கி “ஐம்பத்தாறில் ஒரு பைசா குறையக் கூடாது” என்று பதிவு நாளன்று நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு 60 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 5,40,000 ரூபாய். அவருக்கு மூலதன ஆதாய வரி வரலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். பணம் முழுக்க வங்கிக்குப் போனாலும் அந்த வரி அவருடையதுதான், பலருக்கு இது பிறகுதான் தெரிகிறது.

கணக்கு முடிந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடனாளிக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் பிறப்பித்த ஆணை. பத்திரங்களை உங்களிடமே ஒப்படைக்க அவர் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். செர்சாயில் அடமானம் தீர்ந்ததாகப் பதிவானதா என்று பார்த்து, புதிய வில்லங்கச் சான்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை அவரையும் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு, கிளைக்குப் போகாமல், நோட்டீஸின் அடியில் முகவரி இருக்கும் அந்த அலுவலரிடம் நேரே போங்கள். 60 லட்சத்துக்கு வாங்கத் தயாராக இருப்பதாக நீங்களும், விற்கவும் தீர்வுக்கும் அனுமதி கேட்டு அவரும், தனித்தனியே கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். படத்தில் இரண்டாம் பக்கம் மங்கலாக இருக்கிறது. அதிலுள்ள சர்வே எண்ணும் நான்கெல்லையும் உங்களுக்குக் காட்டிய வீட்டோடு பொருந்துகின்றனவா என்று, போவதற்கு முன் தாய்ப்பத்திர நகலை வைத்துச் சரிபாருங்கள்.