குடும்ப டாக்டரிடம் குடியைப் பற்றியும் பேசலாம்: கேள்வி பதில்

நான் குடும்ப மருத்துவர். காய்ச்சல், சர்க்கரை, பிரஷர் என்று வருகிறவர்களில் பலர் கதவருகே போய்விட்டுத் திரும்பி வந்து, "இன்னொண்ணு கேக்கணும் டாக்டர்" என்று குரலைத் தாழ்த்துவார்கள். பெரும்பாலும் அந்த இன்னொன்று குடியாகவோ மாத்திரையாகவோ இருக்கும். இங்கே வந்த கேள்விகளும் அப்படித்தான்.

என் கணவர் தினமும் குடிப்பவர். நேற்று முன்தினம் இரவு, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். இன்று காலை கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. மன உறுதியோடு இருந்தால் சரியாகிவிடுமா?

இன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இதை மன உறுதியால் சமாளிக்க முடியாது. வருடக்கணக்கில் மது மூளையை அமுக்கியே வைத்திருந்தது. அதை ஈடுகட்ட மூளையும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்தது. இப்போது அமுக்கியது போய்விட்டது, வேகம் மட்டும் நிற்கிறது. அதனால்தான் நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம். இவை கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே தொடங்கலாம். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். ஆள் குழம்பி, இல்லாத பூச்சியைப் படுக்கையில் தேடுவது போன்ற ஜன்னி நிலை 2 முதல் 4 நாளுக்குள் வரும். அதில் உயிரே போகலாம்.

குடும்ப டாக்டர் முதலில் கேட்பது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்றுதான். வந்திருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். உளறல், காய்ச்சல், நிற்காத வாந்தி, வேறு பெரிய நோய் இருந்தாலும் அப்படியே. இவை இல்லாமல், வீட்டில் கூடவே இருக்க ஓர் ஆளும் இருந்தால், சில நாளுக்கு மூளையை அமைதிப்படுத்தும் டயஸெபாம் வகை மருந்தைக் கொடுத்து, தினமும் பார்த்துப் பார்த்துக் குறைத்துவிடலாம். கூடவே தயமின், அதாவது பி1 வைட்டமின். சோர்வாக இருக்கிறாரே என்று வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றச் சொல்லாதீர்கள். தயமின் தீர்ந்துபோன உடம்பில் அது மூளையைப் பாதிக்கலாம். அதனால் தயமின் முதலில் போக வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: தினமும் நிறையக் குடிப்பவரை டாக்டரைப் பார்க்காமல் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

நான் இளம் மருத்துவர். குடிப்பீர்களா என்று கேட்டால் எல்லோருமே "எப்போதாவது" என்கிறார்கள். எப்படிக் கேட்பது?

"குடிப்பீங்களா?" என்பது போலீஸ் கேள்வி மாதிரி விழுகிறது. நான், "கடைசியா எப்ப குடிச்சீங்க? அன்னிக்கு எவ்வளவு?" என்று சர்க்கரை அளவு கேட்கிற அதே குரலில் கேட்பேன். பதில் சட்டென்று வரும். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற 10 கேள்விப் பட்டியல் இருக்கிறது. நேரமில்லை என்றால் அதன் முதல் மூன்று கேள்விகளே நிறையச் சொல்லிவிடும்.

கண்ணையும் திறந்து வையுங்கள். ஒருவர் வாரக்கணக்கில் வயிற்றெரிச்சல் என்று என்னிடம் வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் மருந்துச் சீட்டை நீட்டினேன், அவர் கையில் காகிதம் படபடத்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்து நிறுத்தினார். அத்தனை வாரமும் நான் வயிற்றை மட்டுமே பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அடங்காத பிரஷர், தூக்கமின்மை, அடிக்கடி கீழே விழுவது, ரத்தப் பரிசோதனையில் ஜிஜிடி என்ற கல்லீரல் நொதி ஏறியிருப்பது, இவற்றுக்குப் பின்னால் குடி இருக்கிறதா என்று ஒரு முறையாவது கேட்டுவிடுங்கள்.

மகனுக்குத் தெரியாமல் குடியை நிறுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?

வேண்டாம் அம்மா. உங்கள் தவிப்பு புரிகிறது, ஆனாலும் வேண்டாம். நீங்கள் சொல்வது டைசல்ஃபிராம் என்று நினைக்கிறேன். அது, மது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சை உடம்பு அகற்ற விடாமல் தடுக்கும். அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். இதயம் பலவீனமாக இருந்தால் ஆளே போய்விடலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த விளைவு நீடிக்கும். தெரிந்து, சம்மதித்து எடுப்பவருக்கு மட்டுமே அது மருந்து. குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரொசேட் இருக்கின்றன. முன்னதற்குக் கல்லீரலையும், பின்னதற்குச் சிறுநீரகத்தையும் டாக்டர் பார்த்துக்கொள்வார். மகன் வர மறுத்தால் முதல் தடவை நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள்.

தம்பி ஹெராயினிலிருந்து மீள ப்யூப்ரெநார்ஃபின் எடுக்கிறான். ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே இது?

இல்லை. ஹெராயின் ஏறி இறங்கி ஆளைத் தெருவில் அலைய வைக்கும். ப்யூப்ரெநார்ஃபின் மூளையில் அதே இடத்தில் உட்கார்ந்தாலும் ஓரளவுக்கு மேல் வேலை செய்யாது. ஏற்றம் இறக்கம் அடங்கும், வேலைக்குப் போக முடியும். இதையும், இதே வேலைக்குக் கொடுக்கப்படும் மெத்தடோன் என்ற மருந்தையும் 2005 இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பிரான்ஸில் 1990களின் நடுவிலேயே குடும்ப மருத்துவர்கள் ப்யூப்ரெநார்ஃபின் எழுத அனுமதி கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஹெராயின் அளவு மீறி இறப்பவர்கள் அங்கே பெருமளவு குறைந்தார்கள். அமெரிக்காவில் இதற்கென்று தனி அனுமதி வாங்க வேண்டிய விதி 2022 டிசம்பர் இறுதியில் வந்த சட்டத்தால்தான் முழுதாக நீங்கியது.

"எப்போ நிறுத்தப் போறே?" என்று தம்பியை நச்சரிக்காதீர்கள். நிறுத்திவிட்டுப் பழைய அளவிலேயே மறுபடி ஹெராயினைத் தொட்டால், பழக்கம் விட்டுப்போன உடம்பு தாங்காது. மூச்சு நின்றுவிடும். ஹெராயின் அளவு மீறினால் அதை முறிக்கும் நாலக்சோன் என்ற மருந்து கிடைக்கிற இடம் என்றால் வீட்டில் வாங்கி வையுங்கள்.

சிகரெட்டை நிறுத்தச் சொல்லி டாக்டர் ஒரு நிமிஷம் பேசினால் என்ன ஆகிவிடும்?

லண்டன் குடும்ப மருத்துவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 1979 இல் வெளியானது. ஓரிரு நிமிட அறிவுரை, ஒரு துண்டுப் பிரசுரம், மறுபடி விசாரிப்போம் என்ற ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஒரு வருடம் கழித்து அவர்களில் 5.1 சதவீதம் பேர் நிறுத்தியிருந்தார்கள். எதுவும் சொல்லப்படாதவர்களில் 0.3 சதவீதம். தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் நிகோடின் சூயிங்கமும் சேர்ந்தால் வாய்ப்பு இன்னும் கூடும்.

தூக்க மாத்திரையை எங்கள் டாக்டரே எழுதினார். ஆறு வருடமாகிறது, விட முடியவில்லை. தப்பு என்னுடையதா?

உங்களுடையது இல்லை. இரண்டு வாரத்துக்கு என்று தொடங்கியதை யாரும் திரும்பிப் பார்க்காமல் நீட்டித்துக்கொண்டே போவது எங்கள் தொழிலில் நடக்கிற பிழை. என் கையெழுத்திலும் அது நடந்திருக்கிறது. சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் குறைக்கலாம். மாதங்கள் ஆகும், ஆகட்டும். எழுதிய டாக்டரிடமே போய்க் கேளுங்கள், இறக்கிவிடுவதும் அவர் பொறுப்பு.

எட்டு மாதம் குடிக்காமல் இருந்தேன். போன வாரம் தொட்டுவிட்டேன், இன்று வரை நிற்கவில்லை. அவ்வளவு பாடுபட்ட டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது?

சர்க்கரை 300க்கு ஏறிவிட்டால் டாக்டரிடம் போக வெட்கப்படுவீர்களா? மருந்தை மாற்றுவோம், என்ன நடந்தது என்று பார்ப்போம். இதுவும் அப்படி ஏறி இறங்குகிற நீண்ட கால நோய்தான். அந்த எட்டு மாதம் வீணாகவில்லை. அதில் என்ன உதவியது, போன வாரம் எது குறுக்கே வந்தது என்பதுதான் எனக்கு வேண்டிய தகவல். சம்பள நாளா, வீட்டில் சண்டையா, தூக்கம் கெட்டதா, மாத்திரையை விட்டுவிட்டீர்களா?

இதே நிலையில் ஒருவர் வந்து, இருமல் என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். நெஞ்சு சுத்தமாக இருந்தது. ஸ்டெத்தைக் கழற்றிவிட்டு, "வேற ஏதாவது?" என்றேன். அழுதுவிட்டார். ஒரு வாரத்தில் பழையபடி நிறுத்தினோம்.

ஒரு வாரமாகத் தினமும் குடிக்கிறீர்கள் என்றால், நீங்களாக நிறுத்திவிட்டு நல்லபடியாகப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே போங்கள். "திரும்ப ஆரம்பிச்சிடுச்சு டாக்டர்" என்ற ஒரு வரி போதும். மீதியை அவர் கேட்பார்.