தம்பியின் சாப்பாட்டுப் பெட்டியும் நீதிபதி நாற்காலியும்

கேள்வி: என் மகள் லண்டனில் பாரிஸ்டராகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. குற்ற வழக்குகளில் வாதாடுகிறாள்; வருமானம் நிலையில்லை. ஒருநாள் நீதிபதியாவேன் என்கிறாள், அதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆகுமாம். வயது 29. மற்றபடி பொறுப்பான பெண். எவ்வளவு அலைச்சலானாலும் காலையில் தம்பிக்குச் சாப்பாடு கட்டி வைத்துவிட்டுத்தான் ரயிலேறுவாள். மாதச் சம்பள வேலைக்குப் போக அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- ஒரு தாய், ஹாரோ

பதில்: அந்தத் தம்பிக்கு என்ன வயது, அம்மா? நீங்கள் எழுதவில்லை, அக்காவுக்கு 29 என்றால் அவன் கைக்குழந்தையாக இருக்க வழியில்லை. குற்ற வழக்குகளில் வாதாடும் இளம் பாரிஸ்டருக்கு, மறுநாள் எந்த ஊர் கிரவுன் கோர்ட்டில் நிற்க வேண்டும் என்பதே பல நாட்களில் முந்தைய மாலைதான் குமாஸ்தா சொல்லித் தெரியும். அதற்குப் பிறகு சாட்சிகளின் வாக்குமூலங்களைப் படித்துக் குறிப்பெடுத்து, விடியுமுன் எழுந்து, விக்கையும் அங்கியையும் பையில் திணித்துக்கொண்டு ஓடுகிற பெண்ணைச் சமையலறையிலும் நிறுத்திவிட்டு, அதைப் பொறுப்பு என்று பெருமைப்படுகிறீர்கள். நாளை அவள் ஓய்ந்துபோனால் பழியைத் தொழிலின் மேல் போடுவீர்கள்.

இங்கிலாந்தில் நீதிபதிப் பதவி, படிப்பு முடிந்த கையோடு பரீட்சை எழுதிப் பிடிக்கிற உத்தியோகம் அன்று. மாவட்ட நீதிபதி ஆவதற்குச் சட்டத் தொழிலில் 5 ஆண்டு அனுபவம் வேண்டும். ரெக்கார்டர் எனப்படும் பகுதிநேர நீதிபதி ஆவதற்கு 7 ஆண்டு. அதன் பிறகும் நியமன ஆணையத்தின் தேர்வும் நேர்காணலும் உண்டு. லிவர்பூலில் பிறந்த ரோஸ் ஹைல்பிரன் 1939இல் பாரிஸ்டரானார். மகள் பிறந்த 1949ஆம் ஆண்டிலேயே, மூத்த பாரிஸ்டர்களுக்குத் தரப்படும் கிங்ஸ் கவுன்சல் தகுதியைப் பெற்றார். இங்கிலாந்தில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இரு பெண்களில் அவர் ஒருவர். 1956இல் பர்ன்லி நகரின் ரெக்கார்டர். 1972இல் லண்டனின் புகழ்பெற்ற குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லியில் நீதிபதியாக அமர்ந்த முதல் பெண். உயர் நீதிமன்ற நீதிபதியானதோ 1974இல், பாரிஸ்டராகி 35 ஆண்டுகள் கழித்து. (தாய் கோர்ட்டுக்குப் போனதால் பிள்ளை கெட்டுப்போகவில்லை, மகளும் அதே தொழிலுக்கு வந்து, அரசி காலத்தில் குயின்ஸ் கவுன்சல் எனப்பட்ட அதே தகுதியைப் பெற்றார்.) நான்காம் ஆண்டிலேயே நீங்கள் கணக்கை முடிக்கப் பார்க்கிறீர்கள்.

வருமானம் குறைவு என்பது உண்மைதான். அரசு தரும் சட்ட உதவிக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று 2022இல் குற்ற வழக்கு பாரிஸ்டர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். அது உங்கள் மகளின் திறமைக் குறைவு அன்று.

பிறந்த வீட்டுக்குப் பிள்ளைகள் உழைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. உங்கள் மகள் கை நிறையச் சம்பாதிக்கும் நாளில் வீட்டுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கடமையை மகளுக்குச் சொல்லி வளர்த்து மகனுக்குச் சொல்லாமல் விட்டது உங்கள் பிழை, அதை நீங்கள்தான் திருத்த வேண்டும். வரும் திங்கட்கிழமை முதல் அவன் தனக்கும் சமைக்கட்டும், அக்காவுக்கும் ஒரு பெட்டி கட்டட்டும். அவளுக்கு வரன் பார்ப்பதாக இருந்தால், இரவு பத்து மணிக்கு வழக்குக் கட்டோடு உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு மாப்பிள்ளை சோறு பரிமாறுவாரா என்று முதல் பேச்சிலேயே கேளுங்கள். அவர்கள் முகம் சுளித்தால் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து வாருங்கள்.