சைக்கிள் சீட்: வலிக்கு மெத்தை மருந்தல்ல (வாசகர் கேள்வி-பதில்)

காட்பாடியிலிருந்து வேலூருக்குத் தினமும் கியர் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். அரைமணி நேரத்தில் உட்கார முடியாத வலி. ஜெல் கவர் வாங்கிப் போட்டேன். இப்போது முன்னைவிட மோசம். ஏன்?

முதலில் அந்தக் கவரைக் கழற்றிவிடுங்கள். உட்காரும்போது நம் பாரத்தைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள். உள்ளங்கைகளைப் பலகையில் வைத்து அதன்மேல் உட்கார்ந்து பாருங்கள், இரண்டும் குத்துவது தெரியும். மெத்தை அதிகமானால் எலும்பு அதில் புதைந்துவிடுகிறது. நடுவில் இருக்கும் ஜெல் மேலே பிதுங்கி, நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற மென்மையான இடத்தை அழுத்துகிறது. பத்து நிமிடம் சுகமாக இருக்கும், அப்புறம்தான் வேதனை.

பார்க்க வேண்டியது சீட்டின் அகலம். அந்த இரண்டு எலும்பு முனைகளின் இடைவெளியை வைத்து அதை வீட்டிலேயே கணக்கிடலாம். பழைய அட்டைப்பெட்டியிலிருந்து நெளி அட்டை ஒரு துண்டு வெட்டி, வாசல்படியில் போட்டு, மெல்லிய துணியோடு அதன்மேல் உட்காருங்கள். சைக்கிளில் குனிகிற அளவுக்கு முன்னால் குனிந்து, படியின் விளிம்பைக் கையால் பிடித்து உடம்பைக் கீழே இழுங்கள். எழுந்து, பென்சிலைச் சாய்த்து அட்டைமேல் லேசாகத் தேய்த்தால் இரண்டு குழிகள் தெரியும். ஒன்றின் நடுவிலிருந்து மற்றதின் நடுவரை அளந்தால் பெரும்பாலோருக்கு 100 முதல் 140 மில்லிமீட்டருக்குள் வரும். நன்றாகக் குனிந்து ஓட்டுபவர் அதோடு சுமார் 20 மி.மீ. சேர்க்க வேண்டும். நிமிர்ந்து ஓட்டுபவருக்கு 30, அதற்கு மேலும் ஆகலாம். உங்கள் அளவு 120 என்றால், பாதி குனிந்து ஓட்டும் உங்கள் சைக்கிளுக்கு 145 மி.மீ. அருகில் தேடுங்கள். ஆள் குண்டா ஒல்லியா என்று பார்த்துச் சீட் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரரை நம்பாதீர்கள். ஒல்லியானவருக்கும் எலும்பு அகலமாக இருக்கலாம்.

ரோடு பைக்கில் (வளைந்த ஹேண்டில்பார் உள்ள வேகச் சைக்கிள்) ராணிப்பேட்டைப் பக்கம் காலையில் ஓட்டுகிறேன். ஒரு மணி நேரத்தில் முன்பக்கம் மரத்துப்போகிறது. பழகிவிடும் என்கிறார்கள். சரியா?

சரியில்லை. வலி பழகலாம், மரத்துப்போவதைப் பழகவே விடக்கூடாது. நரம்பு நசுங்குகிறது என்று உடம்பு சொல்லும் சேதி அது. நானும் ஒருமுறை மூன்று மாதம் சும்மா விட்டேன். சீட்டின் மூக்கு, அதாவது முன்முனை, ஒரு விரல் அளவு மேலே தூக்கியிருந்ததுதான் காரணம் என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு ரசமட்டம் கடன் வாங்குங்கள், கொத்தனாரிடம் இருக்கும். சைக்கிளைச் சமதரையில் நிறுத்தி, சீட்டின் நீளவாக்கில் வையுங்கள். மட்டமாக இருக்க வேண்டும், மூக்கு இரண்டு டிகிரி தாழ்ந்தாலும் தவறில்லை. அதற்கு மேல் தாழ்ந்தால் முன்னால் சறுக்கி, பாரமெல்லாம் உள்ளங்கைக்கு வந்துவிடும். அடுத்து உயரம். சீட் அதிக உயரமென்றால் பெடலை எட்ட இடுப்பு இருபக்கமும் ஆடும், அழுத்தமும் கூடும். ஹேண்டில்பார் மிகத் தள்ளியிருந்தாலும் உடம்பு மூக்கின்மேல் போய் விழும். இவை சரியான பிறகும் மரத்தால், நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டுக்கு மாறுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று ஓட்டுங்கள். இறங்கிய பிறகும் உணர்வு திரும்பத் தாமதமானால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா: மகள் பிளஸ் ஒன். பள்ளியில் கொடுத்த சைக்கிளில் போகிறாள். தொடையின் உள்பக்கம் உரசிப் புண்ணாகிறது. சொல்லவே கூச்சப்படுகிறாள்.

உங்களிடமாவது சொன்னாளே, நல்லது. அவள் ஓட்டும்போது பின்னாலிருந்து கவனியுங்கள். இடுப்பு ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பக்கம் இறங்கினால் சீட் உயரம், இறக்குங்கள். முழங்கால் வயிற்றை நோக்கி மேலே வந்தால் தாழ்வு. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் அளவு. பெடலில் முன்பாதத்தை வைக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும். சீட் கம்பியில் உள்ள கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தவே கூடாது, கம்பி முறியலாம்.

பேண்ட்டையும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தொடை இடுக்கில் நாலு தையல் சேரும் தடித்த மடிப்புதான் பல பிள்ளைகளுக்குப் புண் வைக்கிறது. உள்ளே தையல் உறுத்தாத, உடம்பை ஒட்டிய ஷார்ட்ஸ் போட்டால் பாதி தீரும். புண் ஆறும்வரை ஓட்ட வேண்டாம்.

ஆம்பூர் வாசகர்: தாத்தாவின் சைக்கிளில் ஸ்பிரிங் வைத்த தோல் சீட். தொட்டில் மாதிரி தொங்கிவிட்டது. தூக்கிப் போடவா?

வேண்டாம். மூக்குக்கு அடியில் ஒரு நட்டு இருக்கும். அரைச் சுற்று இறுக்கி, சில நாள் ஓட்டி, தேவையென்றால் மறுபடி அரைச் சுற்று. தோலில் வெடிப்பு இருந்தால் கை வைக்காதீர்கள். தேங்காய் எண்ணெயில் ஊறவைக்காதீர்கள், தோல் தளர்ந்துவிடும். நனைந்தால் நிழலில் காயவிடுங்கள். உங்கள் ஊரில் தோல் தெரிந்தவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்கள், ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குங்கள். அந்தத் தோல் தாத்தாவின் எலும்புக்குப் படிந்தது. உங்களுக்குப் படியக் கொஞ்ச காலம் எடுக்கும், பொறுங்கள்.

ஏலகிரி ஏறும்போது சீட்டின் பின்பக்கம் சறுக்கிப் போகிறேன். தனி சீட் வேண்டுமா?

வேண்டாம். 14 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறும்வரை முன்சக்கரம் உயர்ந்தே இருப்பதால் உடம்பு பின்னால் போவது இயல்பு. மூக்கை ஒரு டிகிரி தாழ்த்தி, முழங்கையை மடக்கிக் குனிந்து ஏறுங்கள். இறங்கும்போது அந்தச் சாய்வு முன்னால் தள்ளும், அதனால் ஒரு டிகிரிக்கு மேல் போகாதீர்கள்.

உட்காரும் இடத்தில் பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடலாமா?

கூடாது. ஜட்டியின் தையலும் அதில் தேங்கும் வியர்வையும்தான் உரசல். வேலூர் வெயிலில் ஓட்டி முடித்த கையோடு ஷார்ட்ஸைக் கழற்றித் துவைத்துவிடுங்கள், ஈரத்தோடு உட்கார்ந்து டீ குடிக்காதீர்கள்.