மாலத்தீவில் ஆசிரியர் பணியை முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர் எவற்றை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும்?

மாலத்தீவின் ஒரு தீவுப் பள்ளியில் கணிதம் கற்பித்து வருவதாகவும், இந்த ஒப்பந்தம் முடிந்ததும் நாகர்கோவிலில் இருக்கும் குடும்பத்தோடு வந்து சேர முடிவெடுத்திருப்பதாகவும், ஆனால் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் அங்கே வடபகுதி அட்டோல் (தீவுக்கூட்டம்) ஒன்றில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் கற்பித்துவிட்டுத் திருநெல்வேலிக்குத் திரும்பியவள். இப்போது இங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஊருக்கு வந்தபிறகும் செய்துகொள்ளக்கூடிய வேலைகளை ஊருக்கு வந்தே செய்துகொள்ளுங்கள். தீவில் இருக்கும்போது மட்டுமே செய்ய முடிகிற வேலைகளை இப்போதே எழுதிவைத்து, ஓராண்டு முன்பிருந்தே ஒவ்வொன்றாக முடித்துவிடுங்கள் என்பதுதான் என் பதில். கட்டப்போகும் வீட்டைப் பற்றியும் வாங்கப்போகும் வண்டியைப் பற்றியும் ஸ்டாஃப் ரூமில் மணிக்கணக்கில் பேசுகிறோம். பள்ளி அலுவலகத்தில் வாங்க வேண்டிய ஒரு தாளைக் கடைசி வாரம்வரை தள்ளிப்போடுகிறோம்.

அந்தத் தாள் பணி அனுபவச் சான்றிதழ். இங்குள்ள பள்ளிகள் உங்கள் அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுமானால், "இவர் இங்கே பணியாற்றினார்" என்று மட்டும் எழுதிய சான்றிதழ் போதாது. சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி, முழுநேரப் பணி என்ற குறிப்பு, கற்பித்த வகுப்புகள், பாடம், பாடத்திட்டத்தின் பெயர், நடத்தை பற்றிய ஒரு வரி ஆகிய அனைத்தும் பள்ளியின் முத்திரையோடும் தலைமையாசிரியரின் கையொப்பத்தோடும் இருக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்தவர் என்றால் அதையும் தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள், ஏனென்றால் இங்கே நேர்காணலில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். இடையில் வேறு தீவுக்கு மாற்றப்பட்டிருந்தால் இரண்டு பள்ளிகளிலும் தனித்தனியாக வாங்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. நம் பட்டச் சான்றிதழில் "சு. மலர்விழி" என்று முதலெழுத்தோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் அதே பெயர் "மலர்விழி சுப்பையா" என்று விரிந்திருக்கும், தீவுப் பள்ளிப் பதிவேட்டில், கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்று எண்ணி, வெறும் "சுப்பையா" என்றே எழுதியிருப்பார்கள். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் இங்குள்ள அலுவலருக்கு மூவரும் வேறு வேறு ஆட்களாகத் தெரிவதில் வியப்பில்லை. பிறகு நோட்டரியிடம் போய் மூவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொண்டு அலைவதைவிட, பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயரையும், பாஸ்போர்ட் எண்ணையும், பட்டச் சான்றிதழில் உள்ள பெயரையும் சேர்த்தே அனுபவச் சான்றிதழில் எழுதித் தரும்படி கேட்டுவிடுவது எளிது. நீங்கள் பள்ளியில் இருக்கும்வரை இது அரை மணி நேர வேலை. நீங்கள் கிளம்பியபிறகு தலைமையாசிரியர் வேறு தீவுக்கு மாற்றலாகிப் போய்விட்டால், உங்கள் மின்னஞ்சலைத் திறந்து பார்க்கும் ஆளே அங்கே இருக்கமாட்டார்.

இதோடு ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் தந்த ஒப்பந்த நகல், சம்பளச் சீட்டுகள், பணி அனுமதி அட்டையின் நகல், உங்கள் பெயர் போட்ட வகுப்பு நேர அட்டவணை ஆகியவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். மாலே போகும் வாய்ப்பு அமையும்போது, உங்கள் சான்றிதழ்களுக்குச் சான்றொப்பம் பெறுவது பற்றி இந்தியத் தூதரகத்தில் நேரிலேயே கேட்டுவிடுங்கள். பின்னாளில் வேறொரு நாட்டுக்குப் போகும் எண்ணம் சிறிதளவேனும் இருந்தால் மாலத்தீவுக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றையும் கையோடு வாங்கி வந்துவிடுவது நல்லது.

அடுத்தது பணம். சம்பளம் மாலத்தீவு நாணயமான ரூஃபியாவில் வருகிறது. ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா என்பது அதிகாரபூர்வ விலை. ஆனால் அந்த விலைக்கு வங்கி தரும் டாலருக்கு உச்சவரம்பு இருக்கிறது, அந்த வரம்பும் அவ்வப்போது மாறுகிறது என்பதை நீங்களே ஒவ்வொரு மாதமும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதனால் சேமிப்பை அங்கேயே வைத்திருந்து கடைசியில் மொத்தமாக அனுப்பிவிடலாம் என்ற திட்டம் அந்த நாட்டுக்கு ஒத்துவராது. வரம்பு அனுமதிக்கும் அளவுக்கு மாதாமாதம் அனுப்பி, கிளம்பும் மாதத்தில் உங்கள் கணக்கில் செலவுக்கு மட்டும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சிய ரூஃபியாவைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் நம் ஊர் நாணய மாற்றுக் கடைகளில் அதை வாங்குவோர் அரிது. கடைசி மாதச் சம்பளமும் விடுப்புக்கான தொகையும் எந்தத் தேதியில், எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விசா ரத்தானபிறகு அந்தக் கணக்கு இயங்குமா என்பதை வங்கியிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்க இந்தியாவில் வைத்திருக்கும் என்.ஆர்.இ. கணக்கைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. இனி இங்கேயே இருக்கப்போகிறோம் என்று நாடு திரும்பிவிட்டால், அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி அந்தக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. வங்கியிடம் தெரிவித்துச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும், அல்லது அந்தப் பணத்தை ஆர்.எஃப்.சி. எனப்படும் வெளிநாட்டு நாணயக் கணக்குக்குக் கொண்டுபோகலாம். எஃப்.சி.என்.ஆர். எனப்படும் வெளிநாட்டு நாணய வைப்பு இருந்தால் அது முதிர்வு வரை பழைய வட்டியிலேயே தொடரும். வருமான வரிக்கான கணக்கு இதிலிருந்து வேறுபட்டது. இதில் ஏப்ரல் முதல் மார்ச் வரையான நிதியாண்டில் நீங்கள் இந்தியாவில் 182 நாளோ அதற்கு மேலோ தங்கினீர்களா என்பதுதான் முதல் கேள்வி. தங்கியிருந்தாலும், அதற்கு முந்தைய 7 நிதியாண்டுகளில் இந்தியாவில் இருந்த நாட்கள் 729க்கு மிகாமல் இருந்தால் "வழக்கமாகக் குடியிருப்பவர் அல்லர்" என்ற நிலை கிடைக்கும். அந்த நிலையில், மாலத்தீவில் வேலை பார்த்து அங்கேயே பெற்ற சம்பளத்துக்கு இங்கே வரி கட்ட வேண்டியிருக்காது. இதை நிறுவ வேண்டிய பொறுப்பு உங்களுடையது என்பதால், பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கி எறியாமல், வந்துபோன தேதிகளை முத்திரை பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். தொகை பெரிதாக இருந்தால் ஆடிட்டரிடம் காட்டிவிடுவதே முறை.

மருத்துவக் காப்பீட்டையும் இப்போதே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதங்கள் வரை இருக்கலாம் என்பது 2024 முதல் உள்ள விதி. நாற்பதைக் கடந்து சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருக்கிறவர், திரும்பி வந்தபிறகு பாலிசி எடுத்தால் அந்தக் காத்திருப்பும் அன்றுதான் தொடங்கும்.

இனி நம் தொழிலுக்கு வருகிறேன். நான் அதிகம் வலியுறுத்த விரும்புவதும் இதைத்தான். தீவில் 8 முதல் 10 வரையான வகுப்புகளுக்கு ஒரே பாடத்திட்டத்தைத் திரும்பத் திரும்ப நடத்தும்போது, அதற்கு அப்பாலுள்ள பாடம் நம் கையைவிட்டு மெல்ல நழுவிக்கொண்டே இருக்கிறது. என் பாடத்தில், கேம்பிரிட்ஜ் தேர்வுக்காகச் சிறு வணிகர் ஒருவரின் ஆண்டுக் கணக்கை முடிக்கக் கற்றுத்தந்துகொண்டிருந்த எனக்கு, இங்கே ஜிஎஸ்டி பதிவுகளும், 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தை ஒட்டி வரும் கூட்டாளி சேர்ப்பு, விலகல் கணக்குகளும் காத்திருந்தன. உங்கள் பாடத்தில் இடைவெளி இன்னும் பெரிது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் தேல்ஸ் தேற்றத்தை நிறுவிக் காட்ட வேண்டும். பன்னிரண்டில் கலப்பெண்களும் வெக்டர் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் இருக்கின்றன. கால்குலேட்டரும் கையுமாக இருந்த வகுப்பிலிருந்து, அது அனுமதிக்கப்படாத தேர்வு அறைக்கு மாணவர்களைத் தயார்செய்யப் போகிறீர்கள். மாநிலப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தீவின் மாலை நேரங்கள் நீளமானவை. அவற்றில் ஒரு பகுதியை இதற்குக் கொடுத்து, ஒவ்வொரு பயிற்சிக் கணக்கையும் பேனா பிடித்துப் போட்டுப் பாருங்கள். நேர்காணலில் பெரும்பாலும் ஒரு மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். அங்கே சாக்பீஸைக் கையில் எடுத்தபின் தடுமாறுகிறவரின் வெளிநாட்டு அனுபவத்துக்கு மதிப்பு கிடைப்பதில்லை.

நீங்கள் அங்கே இருந்த காலத்தில் இங்கேயும் விதிகள் மாறியிருக்கின்றன. 2017-18இல் தொடங்கிய பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தமிழ்நாடு 2025இல் கைவிட்டுவிட்டது. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு 2026 முதல் ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வு என்று ஆகியிருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம் என்ற நிலை 2010 முதலே இருந்தாலும், 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் பணியில் இருப்பவர்களுக்கும் அதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தபிறகு பள்ளிகள் இதைக் கண்டிப்பாகவே கேட்கின்றன. மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வான சிடெட்டின் இரண்டாம் தாளில் 150 கேள்விகள். அவற்றில் கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60, குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, இரு மொழிகளுக்கும் 30 வீதம். மொழிகளில் ஒன்றாகத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ச்சி பெற்ற சான்றிதழ் 2021 முதல் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்பதால், கிளம்புவதற்கு முந்தைய விடுமுறையிலேயே தேர்வு அமையுமா என்று பார்த்து எழுதிவிடுவதுதான் நல்லது.

சம்பளம் குறையும். தனியார் பள்ளி என்றால் கணிசமாகவே குறையும், இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. அதனால் இங்கே கிடைக்கக்கூடிய சம்பளம் எவ்வளவு என்று ஊரிலுள்ள ஆசிரிய நண்பர்களிடம் விசாரித்து, கடைசி ஆறு மாதம் வீட்டுச் செலவை அந்தத் தொகைக்குள் நடத்திப் பார்க்கும்படி வீட்டில் பேசுங்கள். எது இடிக்கிறது என்பது, இன்னொரு சம்பளம் கையில் இருக்கும்போதே தெரிந்துவிடும். இங்கே பள்ளிகள் பிப்ரவரி முதல் மே வரை ஆசிரியர்களைத் தேடுகின்றன, ஜூனில் வகுப்பு தொடங்குகிறது. உங்கள் ஒப்பந்தம் அதற்குப் பொருந்தாமல் ஆகஸ்டிலோ அக்டோபரிலோ முடிகிறதென்றால், பல மாதங்கள் வருமானமின்றி இருக்க நேரலாம் என்று கணக்கிட்டே வாருங்கள்.

குடும்பத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவே விரும்புகிறேன். உங்கள் வீடு நீங்கள் இல்லாமல் நடக்கப் பழகியிருக்கிறது. கேஸ் புத்தகம் எங்கே, பிள்ளையின் வேன் ஓட்டுநர் யார், மாமியாரின் மாத்திரை எந்த வேளைக்கு எது என்பதெல்லாம் வீட்டில் இருப்பவர் தனியாக நின்று கற்றுக்கொண்டவை. நாம் விடுமுறையில் வரும்போது விருந்தாளியைப் போல வந்துபோனதால், அந்த உழைப்பின் அளவு நமக்கு முழுதாகத் தெரிவதில்லை. நான் திரும்பிய புதிதில் என் மகள் கையெழுத்து வாங்க வேண்டிய மதிப்பெண் அட்டையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போய் அவள் அப்பாவிடம் நீட்டினாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதுதானே வழக்கம்? அது வலிக்கத்தான் செய்யும். அதிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதுபோல் வீட்டுக்குள் நுழையாமல், எந்தெந்த வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம் என்று இப்போதே தொலைபேசியில் கேட்டுவையுங்கள். பள்ளியில் கொண்டுவிடுவது, மாலைப் பாடம் என்று தினமும் வருகிற ஏதேனும் ஒன்றை முழுப் பொறுப்பாக எடுத்துக்கொண்டால் பிள்ளைகள் தாமாகவே பக்கத்தில் வருகிறார்கள்.

தீவில் விட்டுவரும் பிள்ளைகளுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். அடுத்த ஆண்டு ஓ லெவல் என்ற கேம்பிரிட்ஜ் தேர்வை எழுதப்போகிற வகுப்பை நடுவழியில் விட்டுப்போவதாக இருந்தால், ஒவ்வொரு மாணவருக்கும் எது வருகிறது, எது வரவில்லை என்று ஒரு குறிப்பேடு எழுதி, அடுத்து வருபவரின் கையில் சேரும்படி துறைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். புதிய ஆசிரியர் வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம். அந்த இடைவெளிக்கான பயிற்சித் தாள்களையும் சேர்த்து வைத்தால் மிகவும் நல்லது. நீங்கள் கிளம்பும் செய்தியை மாணவர்களிடம் நீங்களே சொல்லுங்கள். சிறிய தீவில் அது கடைக்காரர் வாயிலாக அவர்களைப் போய்ச்சேர ஒரு மாலைப்பொழுது போதும், அப்படித் தெரியவரும்போது அவர்கள் வருந்துவார்கள்.

அவர்கள் அன்போடு கொண்டுவந்து தரும் பொருட்களில் பவளத் துண்டோ ஆமை ஓடோ இருந்தால் அன்போடே மறுத்துவிடுங்கள். அவற்றை நாட்டைவிட்டுக் கொண்டுபோக மாலத்தீவில் தடை இருக்கிறது; பவளத்துக்கு இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் தடை உண்டு. மாசிக் கருவாடு கொண்டுவருவதாக இருந்தால், வாசனை மற்ற சாமான்களுக்கு ஏறாதபடி நன்றாகப் பொதிந்து தரச் சொல்லுங்கள். சட்டிபானை, மின்விசிறி, கட்டில் ஆகியவற்றை அங்கேயே புதிதாக வந்த ஆசிரியர்களுக்குக் கொடுத்துவிட்டு, புத்தகங்களையும் சான்றிதழ்களையும் மட்டும் கையோடு எடுத்து வருவதே போதுமானது.

பயணத்தை மாலேயில் குறைந்தது இரண்டு இரவுகள் தங்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் ஃபெர்ரியும் ஸ்பீடு போட்டும் நின்றுவிடும். திருவனந்தபுரம் விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டாகவே வாங்குங்கள், சான்றிதழ்க் கோப்பைப் பெட்டியில் போடாமல் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.